எதிரே வரும் வெளிச்சமும் அறுபது வயதுக் கண்ணும்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் வந்தவை. அவற்றில் 106-ஆவது விதி முகப்பு விளக்கைப் பற்றியது. விளக்கின் ஒளி எப்போதும் கீழ்நோக்கி இறங்கியே இருக்க வேண்டும். விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அதன் வலப்பக்கம் 0.5 மீட்டர் விலகி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கிற எந்த மனிதரையும் அது கூசச் செய்யக் கூடாது என்கிறது அந்த விதி. ஒன்றரை மீட்டர் என்பது பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரம். சாலையோரம் நடந்து போகிறவரின் கண்ணும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். விதியை எழுதியவர்கள் எதிரே வருபவரின் கண்ணை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கண்ணுக்கு என்ன வயது, என்ன நோய், எவ்வளவு இருட்டில் அது பழகியிருக்கிறது என்பதை விதியும் கேட்கவில்லை, விதியைக் காக்க வேண்டிய துறைகளும் கேட்கவில்லை. இரவுச் சாலையில் கண் கூசுவதை எதிரே வரும் ஓட்டுநரின் ஒழுக்கக்கேடாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். அது பாதி உண்மை. மறுபாதி பார்ப்பவரின் கண்ணுக்குள் இருக்கிறது. அந்தப் பாதியைக் கணக்கில் சேர்க்காத எந்த நடவடிக்கையும் அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டி போன்ற ஊர்களின் இரவுகளுக்கு உதவாது என்பதே என் வாதம்.

கண் கூச்சம் என்று ஒரே பெயரில் நாம் சொல்வதற்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, தொந்தரவு. கண்ணைச் சுருக்குகிறோம், முகத்தைத் திருப்புகிறோம், எரிச்சல் வருகிறது. மற்றொன்று, பார்வை இழப்பு. பலத்த ஒளி கண்ணுக்குள் நுழையும்போது லென்சிலும் மற்றத் திசுக்களிலும் பட்டுச் சிதறி, விழித்திரையின் மேல் வெளிறிய திரையாகப் பரவுகிறது. காருக்குப் பக்கத்தில் நடந்து வருபவரின் மங்கலான உருவம் அந்தத் திரையில் கரைந்துபோகிறது. இதை ஹாலடே, ஸ்டைல்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1920-களிலேயே அளந்து சூத்திரமாக்கிவிட்டார்கள். கண்ணில் எவ்வளவு ஒளி விழுகிறதோ அவ்வளவுக்குத் திரை அடர்கிறது. நாம் பார்க்கும் திசைக்கும் விளக்குக்கும் இடையிலுள்ள கோணம் பாதியாகக் குறைந்தால் திரை நான்கு மடங்காகிறது. சர்வதேச ஒளியூட்ட ஆணையம் 2002-இல் வெளியிட்ட சூத்திரங்களில் வயதும் இடம் பெற்றது. அந்தக் கணக்குப்படி 20 வயதுக்காரரின் கண்ணில் விழும் திரையைப் போல 60 வயதில் ஒன்றரை மடங்கு, 70 வயதில் இரண்டு மடங்கு. இது கண்புரை இல்லாத, நோயற்ற கண்ணுக்கான கணக்கு. கண்ணின் நிறத்துக்கும் அதில் இடமுண்டு: நீலக் கண்ணைவிடக் கறுத்த கண்ணில் ஒளிக் கசிவு குறைவு. அந்த வகையில் நமக்கு ஒரு சிறு சலுகை கிடைக்கிறது. ஆனால் இந்தியர்களுக்குக் கண்புரை மேலை நாட்டவரைவிட இளவயதிலேயே வரத் தொடங்குவதால் அந்தச் சலுகை நெடுநாள் நிற்பதில்லை.

தொந்தரவின் கணக்கு வேறு. அளவில் ஒன்றாக இருக்கும் இரண்டு ஒளிகளில் நீலம் கலந்த வெள்ளை ஒளி அதிகம் உறுத்துகிறது. மஞ்சள் சாயல் உள்ளது குறைவாக உறுத்துகிறது. திரையின் அடர்த்தி மட்டும் இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றேதான். ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு ஒளியே வலியாகும். கண் உலர்ந்திருந்தாலும், மூக்குக் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தாலும், கிட்டப்பார்வைக்குச் சரியான கண்ணாடி போடாமல் இருந்தாலும் ஒளியைச் சுற்றி வட்டங்களும் கோடுகளும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னணி எவ்வளவு இருட்டு என்பதைப் பொறுத்துக் கூச்சம் மாறுகிறது. தெருவிளக்கு வரிசையாக எரியும் சென்னை அண்ணா சாலையில் யாரையும் பெரிதாக வருத்தாத அதே ஹெட்லைட், இருபுறமும் வயலும் முந்திரிக்காடும் கறுத்துக் கிடக்கும் கிராமத்துச் சாலையில் கண்ணைப் பறிக்கிறது. இருளில் முழுவதுமாகப் பழக நம் கண்ணுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பழக்கத்தைக் கலைக்க ஒரு கார் கடந்து போகும் நேரம் போதும். இன்னொன்றும் முக்கியம். தொந்தரவும் பார்வை இழப்பும் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்குவதில்லை. கூசுகிறது என்று புலம்பும் இளைஞருக்குப் பார்வை அவ்வளவாகக் குறையாமல் இருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் வண்டி ஓட்டும் பெரியவர் நான்கைந்து விநாடிகள் சாலையையே பார்க்காமல் கடந்திருக்கலாம். ஆகவே புகார் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து ஆபத்து எங்கே இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

இதை மீன்சுருட்டியின் சாலைகளில் பொருத்திப் பார்ப்போம். அரியலூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஊரில் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் போகும் 36-ஆம் எண் சாலை ஒன்று. திருச்சியிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகச் சிதம்பரம் போகும் 81-ஆம் எண் சாலை மற்றொன்று. 81-இல் கல்லகம் – மீன்சுருட்டி இடையிலான 60 கிலோமீட்டர், சில இடங்களில் நான்கு வழியாகவும் சில இடங்களில் இரு வழியாகவும் மேம்படுத்தப்பட்டு 2024 ஜனவரி 2-ஆம் தேதி திறக்கப்பட்டது. 36-இல் சேத்தியாத்தோப்பு – சோழபுரம் இடையிலான 50 கிலோமீட்டர் நான்கு வழிச் சாலை, கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் பாலத்தோடு, 2350 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் முடிந்து 2025 ஜூலை 26-இல் திறக்கப்பட்டது. கூச்சத்தின் கோணத்திலிருந்து பார்த்தால் நான்கு வழிச் சாலை பெரிய நிவாரணம். பழைய இரு வழிச் சாலையில் எதிரே வரும் விளக்கு நம் பாதையிலிருந்து ஏறக்குறைய 3.5 மீட்டர் தள்ளி இருக்கும். 50 மீட்டர் தொலைவில் அதன் கோணம் 4 பாகை. நடுத்திட்டு உள்ள நான்கு வழிச் சாலையில் அதே விளக்கு 11 மீட்டர் அளவுக்கு விலகிப் போகிறது. கோணம் 12 பாகையைத் தாண்டுகிறது. கோணம் மூன்று மடங்கானால் கண்ணுக்குள் விழும் திரை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. நடுத்திட்டில் அரளி வைத்து வளர்ப்பது அழகுக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. எதிர் ஒளியை மறைப்பதும் அதன் வேலை. செடி பட்டுப்போன இடத்தில் மறைப்பும் போய்விடுகிறது.

ஆனால் இந்த நிவாரணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் காருக்கும் பேருந்துக்கும். மீன்சுருட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களின் ஆட்கள் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் ஒன்றியச் சாலைகள் ஒற்றை வழியிலேயே இருக்கின்றன. அங்கே எதிர் விளக்கின் கோணம் நெடுஞ்சாலையில் இருந்ததைவிட இன்னும் குறுகியது, பின்னணி இன்னும் இருட்டு. நெடுஞ்சாலையை ஒட்டிப் போகும் சர்வீஸ் சாலையிலோ இன்னொரு சிக்கல். இரு திசையிலும் வண்டிகள் ஓடுகிற இடங்களில் வலப்பக்கத்து விளக்கு எது நெடுஞ்சாலையுடையது, எது நம்மை நோக்கி வருவது என்று பிரித்தறிவதற்குள் தூரம் முடிந்துவிடுகிறது. அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளின் தூசியும், மழைக்காலத்தில் ஈரத் தார்ச்சாலையில் மின்னும் பிரதிபலிப்பும், வயல்வெளிப் பூச்சிகளும் சேரும்போது பைக்கில் போகிறவர் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கண்ணீர் வழிய ஓட்டுகிறார். இறக்கினால் கீறல் விழுந்த கண்ணாடி ஒவ்வொரு விளக்கையும் நட்சத்திரமாகச் சிதறடிக்கிறது. காருக்கு வைப்பர் உண்டு, அவருக்கு இல்லை.

அவருடைய வயதையும் பார்க்க வேண்டும். 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். வேலை தேடி இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட கிராமங்களில், இரவில் மருந்து வாங்கவும் தண்ணீர் பாய்ச்சவும் வண்டி எடுப்பவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்தான். 2015 – 2019 காலத்தில் நடந்த தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பு, 50 வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்பில் 66.2 விழுக்காட்டுக்குக் கண்புரையே காரணம் என்றது. அவர்கள் பார்வையிழந்தோர் கணக்கில் வந்துவிட்டவர்கள். அந்த நிலைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பகலில் நன்றாகப் பார்க்கிற கண்ணில் புரை ஒளியைச் சிதறடிக்கத் தொடங்கிவிடுகிறது. நாட்டில் பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது, சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒளியிலிருந்து இருளுக்குக் கண் பழக அதிக நேரமாகும். இவ்வளவுக்கும் பிறகு, ஓட்டுநர் உரிமத்துக்கான முதலாம் எண் படிவம் நம்மிடம் கேட்பது என்ன? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து கார் எண் பலகையை அடையாளம் காண முடியுமா என்று கேட்கிறது. மாலைக்கண் உண்டா என்றும் கேட்கிறது. பகல் பார்வை சரியாக இருந்து, மாலைக்கண்ணும் இல்லாமல், எதிர் வெளிச்சத்தில் மட்டும் பார்வை போகிறவர் இந்த இரண்டு கேள்விகளுக்கும் உண்மையான பதிலைச் சொல்லிவிட்டே உரிமம் பெறுவார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் குறையைக் கண்டுபிடிக்கும் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு எளிமையானது: எதிரே வருபவர் டிம் போட்டால் பிரச்சினை தீர்ந்தது, கண்ணையும் வயதையும் ஏன் இழுக்க வேண்டும்? டிம் போடாதவர்கள் பலர் இருக்கிறார்கள், அது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் டிம் போட்ட விளக்கும் கூசச் செய்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டிம் ஒளி 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் கீழிறங்கும்படி அமைப்பது வழக்கம். பின்னால் இரண்டு பேர் ஏறினாலோ, நெல் மூட்டையோ கேஸ் சிலிண்டரோ ஏற்றினாலோ வண்டியின் முன்பக்கம் எழும்புகிறது. ஒரே ஒரு பாகை எழும்பினால் போதும். கீழே இறங்க வேண்டிய ஒளி 10 மீட்டருக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் மேலே ஏறத் தொடங்கிவிடும். ஓட்டுபவர் டிம்மில்தான் போகிறார், மனசாட்சியோடுதான் போகிறார். எதிரே வருபவருக்கு அது பிரைட். பல கார்களில் இந்தக் கோணத்தைச் சரிசெய்ய ஸ்டீயரிங் பக்கத்திலேயே ஒரு சிறு திருகு உண்டு. அதைத் தொட்டே பார்க்காதவர்கள் ஏராளம். அடுத்தது எல்.இ.டி. பல்பு. பழைய ஹாலஜன் விளக்கின் பிரதிபலிப்பான், இழை எரியும் அந்த ஒரு புள்ளியைக் கணக்கிட்டு வளைக்கப்பட்டது. அதற்குள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பை மாட்டினால் ஒளி பிறக்கும் இடமே மாறிவிடுகிறது. மேலே போகக் கூடாத ஒளி மேலே போகிறது. நிறம் வேறு நீல வெள்ளை. இவற்றையெல்லாம் யார் சோதிக்கிறார்கள்? லாரியும் பேருந்தும் முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கொரு முறையும் அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகின்றன. சொந்தக் காரும் பைக்கும் பதிவு புதுப்பிக்கும் 15-ஆம் ஆண்டு வரை விளக்குச் சோதனைக்குப் போக வேண்டியதே இல்லை. சாலைப் பாதுகாப்பு வாரத்தில் விளக்கின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். நல்லெண்ணம்தான். ஆனால் ஸ்டிக்கர் ஒளியைக் கொஞ்சம் குறைக்கும், கோணத்தைத் திருத்தாது.

இரண்டாவது மறுப்பை நான் அதிகம் மதிக்கிறேன், ஏனென்றால் அது ஓட்டுநர்களின் அனுபவத்திலிருந்து வருகிறது. பிரைட் போடாவிட்டால் முன்னால் இருப்பது தெரியாது, தெரியாமல் மோதினால் யார் பொறுப்பு என்கிறார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஓட்டுநர் ஆபத்தை உணர எடுக்கும் இரண்டு விநாடியிலேயே 44 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 40 மீட்டர். டிம் வெளிச்சத்தில் கறுத்த சட்டை போட்டவர் அவ்வளவு தூரத்தில் தெரியவே மாட்டார். ஆக, பிரைட் போடுகிறவர்களில் பெரும்பகுதியினர் பயத்தில்தான் போடுகிறார்கள். அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்டால் விடை தெளிவாகவே கிடைக்கும். கரும்பு வெட்டும் பருவத்தில் சேத்தியாத்தோப்பு ஆலைக்குப் போகும் டிராக்டர் டிரெய்லர், பின்விளக்கும் ரிஃப்ளெக்டரும் கரும்புத் தோகையில் மறைந்து இருட்டோடு இருட்டாக நகர்கிறது. நின்றுபோன லாரிக்குப் பின்னால் ஒரு கல்லும் ஒரு மரக்கிளையும்தான் எச்சரிக்கை. மாடுகள் குறுக்கே வருகின்றன. இவற்றுக்குப் பளிச்சென்று திரும்பி மின்னும் ஒட்டுப்பட்டையை ஒட்டிவிட்டால் டிம் வெளிச்சமே 100 மீட்டருக்கு அப்பால் அவற்றைக் காட்டிவிடும். பிரைட் போடும் தேவையைக் குறைப்பதே பிரைட்டைக் குறைக்கும் நேர்வழி. ஆலை நுழைவாயிலில், எடை போடும் இடத்தில், பட்டை ஒட்டாத டிரெய்லரைத் திருப்பி அனுப்பும் ஒரு ஏற்பாட்டுக்குப் பெரிய செலவு ஏதுமில்லை. எதிரே வண்டி வரும் இடத்தை மட்டும் தானாக இருட்டாக்கிவிட்டு மற்ற இடமெல்லாம் வெளிச்சம் போடும் விளக்குகளை அமெரிக்கா 2022-இல் அனுமதித்தது. அவை விலை உயர்ந்த கார்களிலிருந்து நம் கிராமத்துப் பைக்குக்கு இறங்கி வர நீண்ட காலமாகும். அதுவரை காத்திருக்க முடியாது.

கண் சரியில்லாதவர் இரவில் வண்டி எடுக்காமல் இருப்பதே நல்லது என்பது இன்னொரு வாதம். கார் வைத்திருப்பவர், பிள்ளைகளை ஓட்டச் சொல்லக் கூடியவர், ஆட்டோவுக்குக் காசு கொடுக்கக் கூடியவர் அப்படி இருந்துவிடலாம். கடைசிப் பேருந்து போய்விட்ட ஊரில் பிரசவ வலி கண்ட மகளை ஏற்றிக்கொண்டு ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியவருக்கு இந்த அறிவுரையால் பயனில்லை. நடந்து போகிறவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் உரிமமே கிடையாது. அவர்கள் கண்ணும் கூசத்தான் செய்கிறது. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள், சாலையோரக் கடைகளில் அது நன்றாக விற்கிறது. எதிர் வெளிச்சத்தில் பாதசாரியைக் கண்டுகொள்ள அந்தக் கண்ணாடி உதவவில்லை என்று 2019-இல் அமெரிக்காவின் கண் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வந்த ஆய்வு காட்டியது. இருக்கிற குறைந்த வெளிச்சத்திலும் ஒரு பகுதியை அது வடிகட்டிவிடுகிறது என்பதை யோசித்தால் இதில் வியப்பில்லை. உண்மையில் பயன் தருவது புரை நீக்கும் அறுவைச் சிகிச்சை. அதில் தமிழ்நாட்டுக்கு உலகமே அறிந்த பெருமை உண்டு. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களில் முகாம் போட்டு ஆட்களை அழைத்துவந்து சிகிச்சை செய்து திருப்பி அனுப்பும் முறையை வளர்த்தெடுத்தது. இந்த முகாம்களில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வதோடு, இரவில் எதிரே லைட் வந்தால் சாலை தெரிகிறதா என்ற ஒரு கேள்வியையும் சேர்க்கலாம். வண்டி ஓட்டுகிற ஒருவருக்கு, எழுத்தை வைத்து மட்டும் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போடலாம் என்று சொல்லக்கூடிய புரையை, அந்தப் பதில் உடனே எடுக்க வேண்டியதாக மாற்றக்கூடும்.

ஆளுக்கு ஆள் மாறுகிற ஒன்றுக்கு எப்படி விதி செய்வது என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. தொந்தரவை அளக்க 9-லிருந்து 1 வரை செல்லும் டி போயர் அளவுகோல் 1960-களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. அது ஒருவரின் உணர்வைக் கேட்டுப் பதிவு செய்வதுதான், அதில் நிலையின்மை உண்டு. ஆனால் பார்வை இழப்பு உணர்வைச் சார்ந்ததில்லை. அதற்குச் சூத்திரம் இருக்கிறது, வயதைச் சேர்க்கும் வழியும் இருக்கிறது. பேருந்துப் படியின் உயரத்தை ஓடி ஏறும் இளைஞரை நினைத்து வைக்கக் கூடாது என்று நாம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டோம். சாலையின் வெளிச்சத்தையும் 60 வயதுக் கண்ணை அளவாக வைத்துத் திட்டமிடுவதில் அதற்குமேல் புதுமை எதுவும் இல்லை. அப்படி வைத்தால் எந்த ஒன்றியச் சாலையின் வளைவில் ஓரக்கோடும் மின்னும் குறிகளும் முதலில் வேண்டும், எந்தக் கம்பத்து எல்.இ.டி. விளக்குக்கு மூடி போட வேண்டும் என்ற வரிசையே மாறிவிடும்.

செய்யக்கூடியவற்றில் மிக மலிவானது சுவர்ச் சோதனை. சமதளத்தில், வெள்ளையடித்த சுவருக்கு 10 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி டிம் போட்டால், வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிட ஒரு சாண் அளவுக்குள் கீழே இருக்க வேண்டும். மேலே ஏறியிருந்தால் ஸ்குரூ டிரைவரால் பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம். புகைச் சான்று வாங்க வண்டிகள் எப்படியும் மையத்துக்குப் போகின்றன. அங்கேயே ஒரு சுவரும் இரண்டு கோடுகளும் போட்டு, புகையோடு வெளிச்சத்தையும் பார்த்து அனுப்பப் போக்குவரத்துத் துறை ஓர் ஆணை போட்டால் போதும். பைக்கைப் பின்னால் ஒருவர் உட்கார்ந்த நிலையில் சோதிப்பது அவசியம், ஏனென்றால் அது சாலையில் ஓடுவது அப்படித்தான். சட்டத்தில் இடமில்லாத பல்பை விற்கும் கடையை விட்டுவிட்டு வாங்கி மாட்டியவரை மட்டும் அபராதத்துக்கு நிறுத்துவதும் சரியில்லை.

இதையெல்லாம் அரசு ஏன் இன்னும் செய்யவில்லை என்பதற்கு ஒரு காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 2022-இல் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். அதே ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரையிலான நேரத்தில்தான் விபத்துகள் அதிகம் என்று மத்திய அரசின் ஆண்டறிக்கையே ஆண்டுதோறும் சொல்கிறது. காரணங்களின் பட்டியலில் அதிவேகம், குடிபோதை, தவறான திசை, சிவப்பு விளக்கை மீறுதல், செல்போன் ஆகியவை வரிசையாக உண்டு, மிச்சமெல்லாம் 'மற்றவை'. எதிர் வெளிச்சம் அந்த மற்றவைக்குள் போகிறது, அல்லது அதிவேகத்துக்குள் போய் மறைகிறது. பார்க்காமல் மோதியவரை வேகமாக வந்து மோதியவர் என்று எழுதுவது முதல் தகவல் அறிக்கைக்கு எளிது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிக் கொடுத்த ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில் இன்று காவலர்கள் சம்பவ இடத்திலிருந்தே செல்போனில் விவரங்களைப் பதிவு செய்கிறார்கள். இருட்டிய பிறகு நடக்கும் ஒவ்வொரு விபத்திலும் எதிரே விளக்கு வந்ததா, அது டிம்மா பிரைட்டா, ஓட்டியவரின் வயது என்ன, கண்ணாடி அணிந்திருந்தாரா என்ற நான்கு கேள்விகளை அவர்கள் கட்டாயம் கேட்டுப் பதிய வேண்டும். அதன் தொகையை ஆண்டறிக்கை தனி வரியாக வெளியிட வேண்டும். இரண்டு நெடுஞ்சாலைகளும் ஒற்றை வழிக் கிராமச் சாலைகளும் ஒன்றாகச் சேரும் மீன்சுருட்டிக் காவல் எல்லை, இதைத் தொடங்கிப் பார்க்கப் பொருத்தமான இடம்.